தூரத்திலிருந்தே தெரியும் நீலம்

குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது என்று பயிற்சி டாக்டர் பதறியடித்துக்கொண்டு ஆக்ஸிஜன் வைத்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை. விடிந்ததிலிருந்து வயிற்றால் போய்ப் போய், கண் இரண்டும் குழிக்குள் இறங்கி, கையைக் கிள்ளினால் தோல் கிள்ளியபடியே நின்றது. மூச்சு அடங்கப் போகிறது என்று டாக்டர் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அந்த வார்டில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிய சிஸ்டருக்கு ஏதோ உறுத்தியது. ஈரப் பஞ்சை எடுத்து உதட்டைத் துடைத்தார். நீலம் பஞ்சோடு வந்துவிட்டது. குழந்தையின் வாயை விரலால் திறந்து பார்த்தார். நாக்கும் நீலம். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனுக்கும் நீலம். எதிர் வரிசையில் ஏழு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு நீலம். உடனே சிஸ்டர் சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டார்.

சுகாதார ஆய்வாளரை அந்தத் துறைமுக ஊரில் யாரும் பதவி சொல்லிக் கூப்பிடுவதில்லை. குளோரின் அக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கிணறு கிணறாகவும் தொட்டி தொட்டியாகவும் ஏறி இறங்கி, பிளீச்சிங் பவுடர் வாசனை அவள் தலைமுடிக்குள்ளேயே குடியேறிவிட்டது. அவள் தெருவுக்குள் திரும்புமுன் வாசனை திரும்பிவிடும். பாத்திரங்களை மூடிவைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வாசலில் நிற்பார்கள்.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு அவள் வார்டுக்கு வந்தபோது, சிஸ்டர் ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினார். தட்டில் ஏழு பஞ்சு உருண்டைகள், ஏழும் நீலம். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதை ஊருக்குள் கொண்டுவந்ததே அவள்தான்.

ஆறு நாளைக்கு முன்னால் நடந்த கூட்டத்தைச் சொன்னால்தான் இது புரியும்.

அப்போது ஆஸ்பத்திரியில் இருபத்தேழு பேர், மண்ணுக்குள் இரண்டு பேர். வாந்தியும் பேதியும் எங்கிருந்து கிளம்புகிறது என்று அக்கா நான்கு நாள் அலைந்து கண்டுபிடித்திருந்தாள். துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியின் கிணற்றிலிருந்து பதினோரு தப்படி தள்ளிச் சாக்கடைக் குழாய் உடைந்து கிடந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாள். குடிக்கிற தண்ணீரில் எது இருக்கவே கூடாதோ அது அத்தனையும் இருந்தது. அந்த ஃபேக்டரியின் ஐஸ்தான் மீனுக்கும் போனது, ஊரில் உள்ள பழச்சாறு கடைகளுக்கும் போனது. ஃபேக்டரியை மூட வேண்டும், இதைவிடத் தெளிவாக ஒரு விஷயம் இருக்க முடியாது என்று நம்பிக்கொண்டுதான் அவள் கூட்டத்துக்குப் போனாள்.

மேஜையைச் சுற்றி ஐந்து ஆண்கள். மாவட்டச் சுகாதார அதிகாரி, துறைமுக அதிகாரி, ஐஸ் ஃபேக்டரி முதலாளி, படகு உரிமையாளர் சங்கத் தலைவர், மீன் ஏற்றுமதி செய்கிறவர். மேஜை மேல் பிஸ்கட். சுகாதார அதிகாரி முதல் காரியமாக, காலரா என்ற வார்த்தையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்றார். அந்த வார்த்தை வெளியே போனால் நம் மீனை எந்தக் கப்பலும் தொடாது, கடும் வயிற்றுப்போக்கு என்று போடுங்கள் என்றார். மருந்து கண்டுபிடிப்பதற்குள் நோய்க்குச் செல்லப்பெயர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சங்கத் தலைவர் நாலாயிரம் குடும்பம் என்று ஆரம்பித்தார். ஐஸ் இல்லாவிட்டால் படகு போகாது, படகு போகாவிட்டால் அடுப்பு எரியாது. நோயில் நாலு பேர் போவார்கள், பசியில் நாலாயிரம் பேர் போவார்கள், எது பெரிது என்று அம்மாவே சொல்லட்டும் என்றார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்து பொய் என்று சொல்ல முடியவில்லை. அடுப்பு எரியாது என்பது பொய்யில்லை. அந்த ஃபேக்டரியின் ஃபோர்மேன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அம்மா அப்பா போனபிறகு அவள் தூக்கி வளர்த்தவன். அவன் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுவது அந்த ஐஸில்தான். இது மேஜையில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும்.

அப்போது அதிகாரி குரலில் சர்க்கரையைத் தடவிக்கொண்டு, நீங்கள்தான் அனுபவசாலி, இரண்டு பக்கமும் அடிபடாமல் ஒரு வழி சொல்லுங்கள் என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவளை எந்தக் கூட்டத்திலும் எவரும் வழி கேட்டதில்லை. கையெழுத்து கேட்பார்கள், பவுடர் மூட்டை வந்ததா என்று கேட்பார்கள். பாழாய்ப்போன மனசு உருகிவிட்டது. எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது.

"மீனுக்குப் போற ஐஸ்ல நீலச் சாயம் கலந்துடலாம் சார். கிணத்துத் தண்ணிக்கு ரெண்டு மடங்கு குளோரின் போடலாம். நீலமா இருந்தா யாரும் வாயில வைக்க மாட்டாங்க."

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இதுதான் வழி. நீலம் தூரத்துலேருந்தே தெரியும்."

ஐந்து தலைகளும் ஆடின. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நீல ஐஸ் பாரின் மேல் அதிகாரி கை வைத்துக்கொண்டு நின்றார், பெற்ற பிள்ளையைத் தடவுகிற மாதிரி. உயிரும் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது என்று தலைப்பு. அக்கா ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போய், நீல ஐஸ் மீனுக்கு மட்டும், அதில் இரண்டு மடங்கு மருந்து போட்டிருக்கிறது என்று தொண்டை வறளச் சொன்னாள். அலுவலகத்திலிருந்து தினமும் ஓர் ஆள் சைக்கிளில் போய், ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நின்று, நீலமாக இருக்கிறதா என்று பார்த்து டிக் அடித்துவிட்டு வருவான். ஆறு நாளும் டிக் விழுந்தது. ஆறு நாளில் ஆஸ்பத்திரியில் கூட்டம் இரட்டித்தது. எங்கே ஓட்டை என்று தெரியாமல் அக்கா மறுபடி கிணறு கிணறாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஓட்டை தட்டில் உருண்டை உருண்டையாக இருந்தது.

ஆறு வயதுப் பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஓர் ஆள் நின்றார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், விரல் நகம் பத்தும் நீலம். ஐஸ் ஃபேக்டரியில் சாயம் கலக்குகிறவர். குழந்தையின் அப்பா. அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாதான் சொன்னாள். உடைந்த சில்லுகளை அவர் டிபன் டப்பாவில் போட்டுத் தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவாராம். குழந்தை வாசலிலேயே காத்துக்கொண்டிருக்குமாம்.

"மீன் ஐஸ்னு தெரியாதா உங்களுக்கு?" என்று அக்கா அவரைப் பார்த்துக் கேட்டாள். குரல் அவளுக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது.

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "தெரியும் அக்கா. ஆனா ரெண்டு மடங்கு மருந்து போட்டதுன்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க. மத்த தண்ணியை விட இது சுத்தம்னு நெனச்சேன். எம்பொண்ணுக்கு நல்லதைக் குடுக்கறதா நெனச்சுட்டேன்."

அக்காவுக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் பள்ளிக்கூடம். அதன் வாசலில் பழச்சாறு கடை. கடைக்காரர் ஐஸைத் துருவிக் கண்ணாடிக் கோப்பையில் குவித்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார். வெளிர் நீலம், வெயிலில் பார்க்க அவ்வளவு அழகு. முதல் நாள் போட்ட கருநீலம் மீன் வயிற்றில் கறையாகப் படிகிறது என்று ஏற்றுமதிக்காரர் கத்தியதால், சாயத்தைக் குறைத்து இந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பயமுறுத்த வைத்த நிறத்தை ஆசை காட்டுகிற நிறமாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கடையின் முன்னால் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கியது: நீல ஐஸ், அரசாங்க மருந்து கலந்தது.

அக்கா அட்டையைப் பிய்த்து இரண்டாகக் கிழித்தாள். கடைக்காரர் கோபிக்கக்கூட இல்லை, நிஜமாகவே திகைத்துப்போனார். வெளியூர் ஐஸ் மூன்று மடங்கு விலை, இது பாதி விலைக்குக் கிடைக்கிறது, பேப்பரிலேயே படத்தோடு வந்ததே, நீங்கள் கொடுத்த மருந்துதானே என்றார். சட்டவிரோதமாக ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். மிச்ச ஐஸைச் சாக்கடையில் கொட்டினார். கொட்டிவிட்டு ஒன்று சொன்னார்.

"நான் ஒருத்தன் கொட்டி என்ன அக்கா ஆகும்? மூணு மணிக்கு வண்டி வரும். ஊர்ல இருக்கற எல்லாப் பள்ளிக்கூட வாசலுக்கும் அந்த வண்டிதான்."

பள்ளிக்கூடம் விடுவது மூன்றரைக்கு. அப்போது மணி ஒன்றே கால்.

அக்கா அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் செய்தாள். நீல நாக்கு, டிபன் டப்பா, கடை அட்டை எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மணி வண்டி கிளம்பக் கூடாது, ஃபேக்டரிக்கு சீல் வைக்க உத்தரவு வேண்டும் என்றாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நாளைக்கு வெளிநாட்டு வியாபாரிகள் துறைமுகத்தைப் பார்க்க வருகிறார்கள், இன்றைக்கு சீல் வைத்தால் ஊர் நாறிவிடும் என்றார். கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், நீல ஐஸைச் சோதனைக்கு அனுப்பி முடிவு திங்கட்கிழமை வரட்டும், இரண்டு பக்கமும் பார்த்துத்தானே முடிவெடுக்க வேண்டும் என்றார். ஏதோ சந்தையில் காய்கறி நிறுப்பது போலப் பேசினார். தராசைப் பிடிக்கிற ஒருத்தராவது தட்டில் ஏறி உட்கார்ந்தது உண்டா? ஒரு தட்டில் சாயம் கலக்குகிறவரின் குழந்தை, மறு தட்டில் சாயம் கலக்குகிறவரின் அடுப்பு. இரண்டு தட்டிலும் அதே வீடுதான் இருக்கிறது, இதில் இவருக்கு என்ன நிறுவை வேண்டிக்கிடக்கிறது என்று அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவள் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் ஃபேக்டரியை நோக்கி நடந்தாள். தோளில் பை. பைக்குள் சீல் வைக்கிற அரக்கு, நூல், படிவம் எல்லாம் எப்போதும் இருக்கும். உத்தரவுதான் இல்லை.

ஐஸ் ஃபேக்டரிக்குள் நுழைந்தால் முதலில் அமோனியா வாடை மூக்கில் ஏறும். பிறகுதான் குளிர் தெரியும். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசை வரிசையாகத் தகர அச்சுகள், ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு ஐஸ் உறைந்துகொண்டிருந்தது. உறைந்த பார்கள் ஏற்றுமதிக் கதவுக்குப் பக்கத்தில் சுவர் போல அடுக்கியிருந்தன. கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். தம்பி கன்னத்தில் ஒரு ஐஸ் சில்லை அதக்கிக்கொண்டு வந்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பழக்கம். அவனுக்கு மட்டுமல்ல, அங்கே எல்லாருக்கும். புழுக்கத்தில் சுமை தூக்குகிறவர்கள் வாயில் ஒரு சில்லு இருந்துகொண்டே இருக்கும்.

ஆனால் அக்காவின் கண் அவன் மேல் போகவில்லை. கிணற்றுப் பக்கத்துச் சுவரோரம் பன்னிரண்டு டிரம் நின்றது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிளீச்சிங் பவுடர். இரண்டுதான் திறந்திருந்தது. மற்ற பத்திலும் கம்பி முத்திரைகூடப் பிரிக்கவில்லை.

"இதை ஏன்டா தொறக்கல?"

தம்பி அவளைக் கையைப் பிடித்துச் சத்தம் குறைந்த மூலைக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"மொத ரெண்டு நாள் போட்டோம்க்கா. நீ சொன்ன அளவு, ரெண்டு மடங்கு. சாயம் கூடுதலா இருந்த வரைக்கும் நின்னுச்சு. கொறைச்சதும் காலைல அச்சைக் கவுத்தா எல்லா பாரும் வெள்ளை, மிச்சமிருந்த கருநீல பாரை முன்னால வெச்சுத்தான் அன்னிக்கு டிக் வாங்கினோம். பவுடர் சாயத்தைத் தின்னுடுது. ரெண்டும் ஒண்ணா நிக்காது. சாயத்தைக் கூட்டலாம்னா மீன்ல கறைங்கறாங்க. சைக்கிள்ல வர்ற ஆளு பாக்கறது நீலத்தை. பேப்பர்ல வந்தது நீலம். நீலம் இல்லன்னா அன்னிக்கே மூடிடுவீங்க. குளோரின் இருக்கா இல்லையான்னு பாக்க இது வரைக்கும் ஒருத்தர் கூட உள்ள வரல, நீ உட்பட. அதனால நீலத்தை வெச்சுக்கிட்டு பவுடரை நிறுத்திட்டோம். கிணத்துல பவுடர் போடற ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

தம்பி வேலை செய்கிற இடத்தில் அக்காவே போய்ச் சோதித்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவள் ஒதுங்கியிருந்தாள். அதையும் ஒரு நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் பட்டால் சாயம் வெளுக்கும் என்பது துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். அவளுடைய உடுப்பிலேயே எண்ணிச் சொல்லலாம், பத்து இடத்தில் வெளுத்திருக்கிறது. குளோரின் அக்கா என்று பெயர் வாங்கியவளுக்குக் கூட்டத்தில் அது தோன்றவில்லை. பிஸ்கட்டும் பாராட்டும் கண்ணை மறைத்துவிட்டது. சாயத்தைப் பார்த்துப் பார்த்து டிக் அடித்து, மருந்தை அவளே வெளியே துரத்தியிருக்கிறாள். ஐஸ் முன்பைவிடக் கேடாகவும், முன்பைவிட அழகாகவும் ஆகியிருக்கிறது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா மூடுவ."

"மூடத்தான் வேணும். இப்பவே."

தம்பிக்கும் கோபம் வந்துவிட்டது. அறுபது பேருக்கு நாளைக்கு யார் சோறு போடுவது, நீ போடுவாயா, அந்த அதிகாரி போடுவாரா என்று கேட்டான். கூட்டத்தில் நீதானே வழி சொன்னாய், நீ சொன்னதைத்தானே செய்தோம், இப்போது எங்கள் கழுத்தை அறுக்க வந்திருக்கிறாய் என்றான். வேலையாட்கள் சுமையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் கூடிவிட்டார்கள். அக்கா அவர்கள் முகங்களைப் பார்த்தாள். எண்ணத் தொடங்கினாள். அறுபது பேர் இல்லை.

"இன்னிக்கு எத்தனை பேர் வரல?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதினோரு பேர் என்று கடைசியில் தம்பி முணுமுணுத்தான். வாந்தி என்று எழுதினால் உங்கள் ஆபீஸுக்குத் தெரிந்துவிடும், அதனால் சொந்த வேலை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன் என்றான்.

"சாயம் கலக்கறவர் என்ன எழுதிக் குடுத்தாரு?"

"சொந்த வேலைன்னுதான். என்ன வேலைன்னு நான் கேக்கல."

"அவரு பொண்ணு ரெண்டாம் கட்டில்ல கெடக்குது. தினமும் டிபன் டப்பாவில இந்த ஐஸைத்தான் கொண்டு போயிருக்காரு. மருந்து போட்டதுன்னு நம்பி. மருந்து நின்னுபோச்சுன்னு அவருக்கு நீ சொல்லவே இல்ல."

சாயம் கலக்குகிறவரும் தம்பியும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் குழந்தை பிறந்த அன்று அவர் ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தபோது, கூடவே தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் இவன். கன்னத்தில் அதக்கியிருந்த சில்லு மெதுவாக நாக்குக்கு வந்தது. அதைத் தரையில் துப்பினான். நீலமாக ஒரு சின்னத் துண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்தது. சுற்றி நின்றவர்களில் சிலரும் திரும்பிக்கொண்டு துப்பினார்கள்.

வெளியே மூன்று மணி வண்டி வந்து ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொரு ஹாரனும் கேட்டது, அது அதிகாரியின் கார். ஃபேக்டரி ஆபீஸிலிருந்து யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா காத்திருக்கவில்லை. சீல் வைத்தால் பிய்த்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்த கத்தியால் முதல் டிரம்மின் கம்பியை அறுத்தாள். பவுடரை முறத்தில் வாருவது மாதிரி மூடியில் வாரி, அடுக்கியிருந்த பார்களின் மேல் வீசினாள். ஒரு டிரம், இரண்டு டிரம். கண் எரிந்தது, இருமல் வந்தது, நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் கரண்டியால் அளந்து அளந்து போட்டவள், அன்றைக்கு அளக்காமல் போட்டாள். ஐஸ் வியர்த்த இடத்திலெல்லாம் பவுடர் ஒட்டியது, ஒட்டிய இடத்திலெல்லாம் நீலம் செத்து வெள்ளையானது. வேலையாட்களில் ஒருவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்றாவது டிரம்மைத் திறந்தார். அவள் கேட்கவில்லை, அவராகத் திறந்தார். ஓட்டுநர் கதவு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த நாற்றத்தை எவன் வாங்குவான் என்று திட்டிக்கொண்டே வண்டிக்குத் திரும்பினார்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே முதலாளி. இது உங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டது, உத்தரவு எங்கே, ஒரு பெண்பிள்ளை இப்படி ரௌடி மாதிரி நடந்துகொள்வதா என்று கத்தினார். முதலாளி அவரைவிடச் சாமர்த்தியசாலி. போனது போகட்டும், அச்சில் இருக்கிற சரக்கு அப்படியே இருக்கிறது, ராத்திரிக்குள் எடுத்துவிடலாம், ஃபோர்மேன் எங்கே என்றார்.

அப்போதுதான் கம்ப்ரஸர் நின்றது.

அந்த ஃபேக்டரி கட்டிய நாளிலிருந்து அப்படி ஓர் அமைதி அங்கே இருந்ததில்லை. எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மிஷின் அறையிலிருந்து தம்பி வந்தான். முழங்கை வரை நனைந்திருந்தது.

"உப்புத்தண்ணித் தொட்டியைத் தொறந்து விட்டுட்டேன் சார். பாதி போயிருச்சு. மறுபடி ரொப்பி, ஆற வெச்சு, மொத பார் உறைய அஞ்சு நாள் ஆகும். சீல் வெக்கறதும் வெக்காததும் உங்க இஷ்டம்."

முதலாளி அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு வேலையாட்களைப் பார்த்து, வீட்டுக்குப் போங்கள், எவனுக்காவது வயிறு சரியில்லை என்றால் ஒளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றான். கடைசியில்தான் அக்காவிடம் வந்தான். அவள் முகமும் முடியும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவன் அதைத் துடைத்துவிடவில்லை.

"நீ செஞ்சது சரிதான்க்கா. ஆனா ஆறு நாள் முன்னாடி செஞ்சிருக்கணும். அன்னிக்கு எனக்காகத்தான் நீ மூடலைன்னு எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால தாங்க முடியல. கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுப் பக்கம் வராத."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

அன்று எந்தப் பள்ளிக்கூட வாசலுக்கும் வண்டி போகவில்லை. மூன்றரைக்குப் பிள்ளைகள் வெளியே வந்து, கடைகள் காலியாக இருப்பதைப் பார்த்து ஏமாந்து வீட்டுக்குப் போனார்கள். ஐந்தரை மணிக்கு இரண்டாம் கட்டிலில் இருந்த ஆறு வயதுப் பெண் இறந்துபோனாள். நாலாம் நாளிலிருந்து வார்டுக்குப் புது ஆள் வருவது குறைந்தது. எட்டாம் நாள் நின்றது. மீன் பத்து நாள் நாறியது, படகு பத்து நாள் கரையில் கிடந்தது. படகு உரிமையாளர்களுக்கு நிவாரணம் வந்தது. ஐஸ் ஃபேக்டரியின் அறுபது பேருக்கு எதுவும் வரவில்லை. நாலாயிரம் குடும்பம் என்று கூட்டத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள் அந்த அறுபது குடும்பத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்கா மூன்று மனு எழுதினாள். மூன்றையும் தட்டிக் கழித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. அதே அறை, அதே மேஜை, அதே ஐந்து பேர். பிஸ்கட்கூட அதே பிஸ்கட்தான். அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ஐஸில் சாயம் கலக்கும் யோசனையைத் தெரிவித்தவர் சுகாதார ஆய்வாளர். குளோரினைச் சாயம் பாதிக்கும் என்பதை அவர் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை. உத்தரவின்றி ஃபேக்டரிச் சரக்கைச் சேதப்படுத்தினார். கீழே அவள் கையெழுத்துக்கு ஓர் இடம். தற்காலிகப் பணிநீக்கம்தான், ஆறு மாதத்தில் சரியாகிவிடும், பெரிதுபடுத்தாமல் போட்டுவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். குளோரினைச் சாயம் பாதிக்காது, சாயத்தைத்தான் குளோரின் பாதிக்கும். ஒன்பது பேர் செத்த பிறகும் எது எதைத் தின்றது என்றுகூட இவர்களுக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு ரத்தம் கொதித்தது.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். யோசனை அவளுடையதுதான். அதை மறுக்க அவளுக்கு மனம் இல்லை. அந்தக் குழந்தையின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசியது இன்னும் காதுக்குள் இருந்தது. பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே, கொட்டை கொட்டையாக எழுதினாள்: இந்த யோசனைக்குத் தலையாட்டியவர்கள் ஐந்து பேர். நோயின் பெயர் காலரா என்று எழுத வேண்டாம் என்றவர் ஒருவர். சாயத்தைக் குறைக்கச் சொன்னவர் ஒருவர். வண்டியை நிறுத்த உத்தரவு கேட்டபோது திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் நேராகப் பதவியை எழுதினாள். எழுத எழுதத் தாளின் பாதி நிறைந்தது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "இவ்வளவு பெரிய எழுத்துல இதெல்லாம் தேவையா மேடம்?"

அக்கா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"தேவைதான் சார். தூரத்துலேருந்தே தெரியணும்."